வெளிநாடு போய் ஓப்பன் ஹார்ட் சர்ஜரி பண்ணப் போறீங்களா? திரும்பி வர்றதுல இருந்து பிளான் பண்ணுங்க

எல்லாரும் முதல்ல தேடுறது எந்த ஆஸ்பத்திரி, எந்த சர்ஜன்னுதான். நானும் அப்பாவுக்காக மூணு வாரம் ராத்திரி பகலா அதையேதான் பார்த்துட்டு இருந்தேன். இப்போ யாராச்சும் கேட்டா நான் சொல்றது வேற. முதல்ல உங்க ஊர்லயே ஒரு கார்டியாலஜிஸ்ட்டைப் பிடிங்க, வெளிய போய் ஆபரேஷன் பண்ணிட்டு வரோம், வந்ததும் நீங்க பார்த்துப்பீங்களான்னு நேரா கேட்டு சரின்னு வாங்கிக்கங்க. இன்னொருத்தர் பண்ண ஆபரேஷனைத் தொட சில டாக்டருங்க தயங்குவாங்க, அது தெரியாம வந்து இறங்கிட்டு தையல்ல நீர் வடியுதேன்னு எங்க போய் நிக்கிறது.

அப்புறம் ரிப்போர்ட். ஆஞ்சியோ, அதாவது ஹார்ட் ரத்தக்குழாயை எடுத்த எக்ஸ்ரே படம், அதோட ரிப்போர்ட் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்புறதுல பிரயோஜனமே இல்ல, சர்ஜனுக்கு வேணும்ங்கறது அந்த ஓடுற படம், டைகாம் ஃபைலா சிடியில கேட்டு வாங்குங்க. கூட எக்கோ (ஹார்ட் ஸ்கேன்), கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்), மூணு மாச சராசரி சுகர், பிளட் குரூப், சாப்பிடுற எல்லா மாத்திரை லிஸ்ட். இதெல்லாம் பார்த்துட்டு யூரோஸ்கோர் இல்லன்னா எஸ்டிஎஸ் ஸ்கோர்னு ஒண்ணு போடுவாங்க, உங்க வயசு, கிட்னி, ஹார்ட் பம்பிங் எல்லாம் வெச்சு ரிஸ்க் எத்தனை பர்சென்ட்னு வரும், அந்த நம்பரைக் கூச்சப்படாம கேளுங்க. இதே ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்கன்னும் கேளுங்க. ஜேசிஐன்னு ஒரு சர்வதேச அமைப்போட சர்டிஃபிகேட் இருக்குன்னு காட்டுவாங்க, நல்லதுதான், ஆனா அது ஆஸ்பத்திரி நடைமுறைக்குக் குடுக்கறது, சர்ஜன் கைக்கு இல்ல.

வால்வு மாத்தப் போறவங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு பல்லு, சொத்தையோ ஈறு வீக்கமோ இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடணும், அந்தக் கிருமி ரத்தத்துல கலந்து புது வால்வுல போய் உக்காந்துக்கும். இன்னொண்ணு எந்த வால்வுங்கறது. மெட்டல் வால்வு ரொம்ப காலம் உழைக்கும் ஆனா ஆயுசு முழுக்க ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின்னு ஒரு மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பார்க்கற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துட்டே இருக்கணும், டிஷ்யூ வால்வுக்கு அந்தத் தொல்லை கம்மி ஆனா பொதுவா ஒரு 10, 15 வருஷத்துல தேய்ஞ்சு போகும். நீங்க இருக்கற இடத்துல ஐஎன்ஆர் டெஸ்ட் சுலபமா எடுக்க முடியுமாங்கறதையும் சர்ஜன்கிட்ட சொல்லுங்க, அது அவருக்குத் தெரியாது.

பணம் பத்தி, பேக்கேஜ்னு சொன்னா எத்தனை நாள் ஐசியூ, ரத்தம், வால்வு விலை, ரத்தம் கசிஞ்சு திரும்ப ஆபரேஷன் தியேட்டர் போனா யார் கட்டணும், எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் முன்னாடியே பிளான் பண்ணின ஆபரேஷனுக்குப் பொதுவா பணம் தராது. நிறைய நாட்டுல மெடிக்கல் விசா தனி, கூடப் போற அட்டெண்டருக்குத் தனி.

குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்கற மாத்திரையை வழக்கமா 5 நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க, ஆனா ஸ்டென்ட் வெச்சிருந்தா நீங்களா நிறுத்தறது ஆபத்து, தேதி போட்டு சர்ஜன்கிட்ட எழுதி வாங்குங்க. விமானத்துக்குள்ள காத்து 6000, 8000 அடி மலை மேல இருக்கற மாதிரி, அதனால ஏர்லைன்ஸ் மெடிஃப்னு ஒரு ஃபாரம் கேக்கலாம், டாக்டர்கிட்ட நிரப்பி வாங்கணும்.

ஆபரேஷன் பெரும்பாலும் 3ல இருந்து 6 மணி நேரம், ஹார்ட் நின்னிருக்கும், ஹார்ட் லங் மெஷின் வேலை பார்க்கும். முதல் முறையா அந்த மெஷினை வெச்சு ஒரு மனுஷனுக்கு வெற்றிகரமா ஆபரேஷன் பண்ணினது 1953லதான், நம்பவே முடியல. முடிஞ்சு ஐசியூல பார்க்கறப்போ வாயில டியூப், கழுத்துல மருந்து ஏத்துற லைன், நெஞ்சுல ரத்தம் வடியற டியூப், முகம் ஊதிப்போய், பயந்துடாதீங்க, இது எல்லாருக்கும் இப்படித்தான். டியூப் இருக்கற வரைக்கும் பேச முடியாது, வலிக்கு ஒரு சைகை, தாகத்துக்கு ஒரு சைகைன்னு முதல் நாளே நர்ஸோட பேசி வெச்சுக்கங்க, பாஷை வேற நாட்டுல இது ரொம்ப உதவும். ரெண்டாம் ராத்திரி எங்க அப்பா ரயிலுக்கு நேரமாச்சு செருப்பு எங்கன்னு கேட்டுட்டே இருந்தார், நர்ஸுக்கு அவர் பேசுறது புரியல, நான் போனப்புறம்தான் குழப்பத்துல இருக்கார்னு தெரிஞ்சுது. டெலிரியம்னு சொல்றாங்க, பெரும்பாலும் சில நாள்ல சரியாயிடும். துடிப்பு தாறுமாறா ஓடறதும் நூத்துல 20ல இருந்து 40 பேருக்கு வரும், பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது நாள்ல.

ஒரு வாரம் போல ஆனதும் டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க, டிஸ்சார்ஜ்னா வீட்டுக்குன்னு நினைச்சுடாதீங்க. நெஞ்சுக்குள்ள காத்து மிச்சம் இருந்தா விமானத்துல மேல போனதும் விரியும், அதனால சிக்கல் ஒண்ணும் இல்லாதவங்களே ஆபரேஷன் ஆகி குறைஞ்சது 10 நாள் அங்கயே இருக்கணும், நிறைய சர்ஜனுங்க நாலஞ்சு வாரம் இருக்கச் சொல்றாங்க. மாத்திக்கற மாதிரி டிக்கெட்டா போடுங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே லிஃப்ட் இருக்கற ரூமா, கட்டில் உயரமா பாருங்க, ஏன்னா கையை ஊணி எழுந்திருக்கக் கூடாது. நெஞ்செலும்பு சேர 6ல இருந்து 12 வாரம் ஆகும், அதுவரை அஞ்சு கிலோ கூடத் தூக்கக் கூடாது, பெட்டி எல்லாம் அட்டெண்டர் வேலை. ஏர்போர்ட்ல வெட்கப்படாம வீல்சேர் கேளுங்க, ஒரு சின்னத் தலையணையைக் கையிலயே வெச்சுக்கங்க, இருமல் வந்தா நெஞ்சோட அணைச்சுப் பிடிக்க, சீட் பெல்ட் உறுத்தாம இருக்க. விமானத்துல மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும், காலுல ரத்தம் கட்டாம இருக்கத்தான்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் தனியா கேட்டு வாங்குங்க, எந்த ரத்தக்குழாயை எங்க ஒட்டினாங்கன்னு அதுலதான் விவரமா இருக்கும். கடைசி எக்கோ, எந்த வால்வு வெச்சாங்கன்னு இருக்கற வால்வு கார்டு, மாத்திரையோட பிராண்ட் பேர் இல்லாம மருந்துப் பேர். மாத்திரையை பெட்டியில போட்டுடாதீங்க, பெட்டி தொலைஞ்சா தொலைஞ்சது, கைப்பையில அட்டையோட இருக்கணும்.

வீட்டுல தினமும் காலைல எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ ஏறினாலோ, காய்ச்சல் 100.4 தாண்டினாலோ, புண் சிவந்தாலோ, நெஞ்செலும்புல கடக்குன்னு சத்தம் கேட்டாலோ உடனே உங்க கார்டியாலஜிஸ்ட்டைக் கூப்பிடுங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இருந்தோம்னு அங்க சொல்லுங்க, மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கான்னு டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும். கார்டியாக் ரீஹேப்னு நடை, உடற்பயிற்சி சொல்லித்தர்ற இடத்துல வெளிநாடு கிளம்புற முன்னாடியே பேர் குடுத்து வெச்சிடுங்க, நாங்க திரும்பி வந்து கேட்டோம், ரெண்டு மாசம் காத்திருக்கச் சொன்னாங்க.