அமெரிக்கக் காங்கிரஸ் குழு அனுப்பும் மசோதாவை எங்கிருந்து படிப்பது

போக்குவரத்து, வெளியுறவு மசோதாக்களைக் கவனிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மசோதாவை ஆராயும் குழுவின் கூட்டம் முடிந்ததும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இணையதளத்தில் 'ஆர்டர்டு டு பி ரிப்போர்ட்டட்' என்று ஒரு வரி ஏறும். மசோதா குழுவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமில்லை. அனுப்பலாம் என்று குழு வாக்களித்திருக்கிறது, அவ்வளவுதான். அறிக்கை எழுதி, மாற்றுக் கருத்துள்ளவர்கள் தங்கள் குறிப்பைச் சேர்த்து, சபையில் தாக்கல் செய்த பிறகுதான் அது 'ரிப்போர்ட்டட்'. இடையில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். அறிக்கை எண் வந்துவிட்டதா என்று பாருங்கள். 118 என்று தொடங்கினால் 118ஆவது காங்கிரஸ், அதாவது 2023-24 என்ற இரண்டாண்டுக் காலம்.

அடுத்தது, சரியான குழுவைத் தேடுவது. பிரதிநிதிகள் சபையில் சாலை, விமானம், ரயில் எல்லாமே போக்குவரத்து மற்றும் உள்கட்டமைப்புக் குழுவிடம். செனட்டில் அப்படி இல்லை: சாலைகள் சுற்றுச்சூழல் மற்றும் பொதுப்பணிக் குழுவுக்கு, விமானமும் ரயிலும் வர்த்தகக் குழுவுக்கு, நகரப் பேருந்து, மெட்ரோ வங்கிக் குழுவுக்கு. ஒரே இடத்தில் தேடிவிட்டு 'செனட்டில் அசைவே இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

அறிக்கை கையில் வந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். நேரே குழு வாக்கெடுப்புப் பட்டியலுக்குப் போங்கள். 2023 ஜூனில் விமானப் போக்குவரத்து மசோதாவான எச்.ஆர். 3935 (எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபை மசோதா) குழுவில் 63-0 என்று நிறைவேறியது. சண்டையே இல்லை போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விமானிகளின் ஓய்வு வயதை 65இலிருந்து 67 ஆக்கும் திருத்தம் அதே குழுவில் 32-31 என்றுதான் தப்பியது. இறுதி எண்ணிக்கை மறைப்பதைத் திருத்த வாக்குகள் காட்டிக்கொடுக்கும்.

பிறகு, 'இருக்கும் சட்டத்தில் மாற்றங்கள்' பகுதி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அறிக்கையிலேயே உருப்படியான பகுதி இதுதான். மசோதாவில் 'இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்' என்று மட்டும் இருந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. இங்கே பழைய சட்டம் முழு வாக்கியமாக இருக்கும்: நீக்குவது தடித்த சதுர அடைப்புக்குறிக்குள், புதிதாகச் சேர்ப்பது சாய்வெழுத்தில், மாறாதது சாதாரண எழுத்தில். மசோதாவின் அறிக்கை வடிவத்தில், அதாவது குழு அனுப்பிய மசோதா உரையில், முறை வேறு: நீக்கியது குறுக்குக் கோடு போட்டிருக்கும். பக்கம் பக்கமாகக் கோடு கிடந்தால் பதறாதீர்கள். பழைய உரையை மொத்தமாக எடுத்துவிட்டு மாற்று உரை வைத்திருக்கிறார்கள். சாய்வெழுத்து தொடங்கும் இடத்திலிருந்து படித்தால் போதும்.

வெளியுறவு மசோதாக்களில் இன்னொரு சிக்கல். பல, விதிகளை ஒதுக்கிவைக்கும் முறையில் சபைக்கு வரும்: 40 நிமிட விவாதம், அவையில் திருத்தம் கொண்டுவர முடியாது, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்த வழியில் குழு அறிக்கை இல்லாமலேயே மசோதா நிறைவேறலாம். அறிக்கை கிடைக்கவில்லை என்றால் அன்றைய அவைக் குறிப்பில் விவாதத்தைப் படியுங்கள். பிற நாடுகளுடனான ஒப்பந்தங்களைப் பிரதிநிதிகள் சபையில் தேடவே வேண்டாம். அவை செனட் வெளியுறவுக் குழுவுக்கு மட்டும் போகும். ஒரு காங்கிரஸின் இரண்டாண்டு முடிந்தால் மசோதா காலாவதியாகும், ஒப்பந்தம் ஆகாது.

கடைசியாக, 'ஆர்.எச்.' என்று குறியிட்ட அறிக்கை வடிவத்தை 'ஈ.என்.ஆர்.' என்ற இறுதி வடிவத்தோடு ஒப்பிடுங்கள். எச்.ஆர். 3935 2024 மே 16 அன்று சட்டமானபோது அந்த 67 அதில் இல்லை. விமானிகளின் வயது வரம்பு 65தான்.