தேர்தல் காலத்தில் சபையில் அரசியல் பேசுவதற்கு ஓர் ஒழுங்கு

தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் தம் சபையிலோ பங்கிலோ ஒரு கலந்துரையாடலை ஒழுங்கு செய்ய நினைப்பவர், என்ன பேசுவது என்பதற்கு முன்னர் எங்கே பேசுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஆராதனையும் திருப்பலியும் நடக்கும் இடம் அதற்கு ஏற்றதன்று. இலங்கையின் 1981 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், சமயக் கூட்டத்தில் தேர்தல் முடிவைத் திருப்பும் நோக்கில் பேசுவதையும், ஆன்மீகத் தண்டனையைக் காட்டி வாக்காளரை அச்சுறுத்துவதையும் குற்றமாகக் கொள்கிறது. எனவே மண்டபத்திலோ, கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒருவர் வீட்டு விறாந்தையிலோ, வேறொரு நாளில், இருபது பேருக்கு மேற்படாமல் கூடுவது நல்லது.

போதகரோ பங்குத்தந்தையோ வரலாம். ஆனால் அவர் தலைமை தாங்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் குருக்கள் ஆட்சி அதிகாரமுள்ள பதவிகளை ஏற்பதைத் தடுப்பதோடு, கட்சி அரசியலில் தீவிரமாக ஈடுபடுவதையும் பொதுவாகத் தடுக்கிறது. ஏனைய சபைகளிலும் அந்த இடைவெளி காக்கத்தக்கது. நான் இருந்த ஒரு கூட்டத்தில், முதல் பத்து நிமிடங்களுக்குள்ளேயே ஒருவர் எழுந்து, "ஐயா, நீங்கள் யாருக்குப் போடுகிறீர்கள்?" என்று போதகரைக் கேட்டார். அவர் புன்னகையோடு மழுப்பினார். அந்த மழுப்பலுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டு, தேநீர் வருமுன்னரே கூட்டம் இரண்டாகிவிட்டது. அன்று முதல், வேட்பாளர் பெயரும் கட்சிப் பெயரும் முதல் அமர்வில் உச்சரிக்கப்படா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் அமர்வை வேதாகமத்துக்கு ஒதுக்குங்கள். ரோமர் நிருபத்தின் 13 ஆம் அதிகாரத்தை, அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதியை, யாராவது கட்டாயம் எடுப்பார். அதை மறுக்க வேண்டியதில்லை. அதை மட்டும் தனியே வாசிக்க விடாதிருந்தாற் போதும். தீமையை நன்மையால் வெல்லச் சொல்லும் 12 ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கி, பேரரசை மிருகமாகக் காணும் வெளிப்படுத்தின விசேஷம் 13 வரையும், மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் கூறிய அப்போஸ்தலர் 5 ஐயும் ஒரே மாலையில் உரத்து வாசியுங்கள். அரசு கடவுளின் ஊழியமாகவும் இருக்கலாம், மிருகமாகவும் மாறலாம் என்பதை ஒரே நூலே சொல்வதைக் கேட்டவர்கள், வசனத்தை ஒரு கட்சியின் சுவரொட்டியாக ஒட்டத் தயங்குவார்கள். இராயனுக்குரியதை (உரோமப் பேரரசனுக்குரியதை) இராயனுக்குக் கொடுப்பது பற்றிய பகுதியை இவற்றுக்குப் பின்னரே எடுப்பது எனக்குப் பிடித்த ஒழுங்கு. முதலில் எடுத்தால், சமயம் வேறு அரசியல் வேறு என்று பேச்சை முடித்துவைக்கவே அது பயன்படும்.

இரண்டாவது அமர்வே கடினமானது. ஆயினும் அதைத் தவிர்க்கக் கூடாது. கொழும்பின் தமிழ்ச் சபையில் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பவர்கள் ஒரே வரலாற்றைச் சுமந்தவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையே அரசியலின் பெயர். மலையகத்திலிருந்து வந்தவருக்கு அது, தம்மவரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். கொழும்பிலேயே தலைமுறைகளாக வாழ்பவருக்கு 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் வெடித்த குண்டு மற்ற எல்லாவற்றையும் மறைத்து நிற்கக்கூடும். ஒவ்வொருவரும் தம் வீட்டு நினைவு ஒன்றை ஐந்து நிமிடங்களுக்குள் சொல்லட்டும். மற்றவர்கள் இடைமறிக்காமல் கேட்கட்டும். சொன்னவற்றுக்கு அன்று பதில் கூறப்பட வேண்டாம்.

கேட்டு முடிந்தபின், இந்த நினைவுகளின் எல்லையைத் தாண்டி நடந்த கிறிஸ்தவர்கள் இருவரைப் பற்றிப் பேசலாம். புரொட்டஸ்தாந்து கிறிஸ்தவரான எஸ்.ஜே.வி. செல்வநாயகம், இந்துக்கள் பெரும்பான்மையான காங்கேசன்துறையின் பிரதிநிதியாக இருந்தவர். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதை ஏற்க மறுத்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சிங்களவரான குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க, 1983 ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் எழுதிய தம் கடைசி மேய்ப்புப்பணி மடலில், தம் இனத்தார் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். முன்னவரின் கட்சியோடு உடன்படாதவரும், தமக்குச் சேராத மக்களுக்காக ஒருவர் தம் அரசியல் இருப்பைப் பணயம் வைத்ததை மதிக்க முடியும்.

மூன்றாவது அமர்வில் வேட்பாளர்களின் பெயர்களை எடுக்கலாம். அவர்களிடம் கிறிஸ்தவருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பது எளிது. அது நம்மை ஒரு வாக்கு வங்கியாக்கும் கேள்வியும் ஆகும். 2012 ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி, கிறிஸ்தவர் எல்லாரும் சேர்ந்தே நாட்டு மக்களில் 100 பேருக்கு 8 பேரிலும் குறைவு. தம் சிறுமையை மட்டும் காக்க முனையும் சிறுபான்மை, அடுத்த சிறுபான்மை தாக்கப்படும்போது வாய் திறக்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி வைக்கப்பட்டவர், காணாமற்போனோரின் தாயார், தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட குடிசைவாசி ஆகியோரைப் பற்றிய கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு வாக்கும் அதன் வேட்பாளர் மூவர்வரை விருப்பு வாக்கும் இருப்பதால், கட்சியையும் ஆளையும் பிரித்து எடைபோடும்படி சொல்வதும் இவ்வேளையில் உதவும்.

வாக்களித்ததோடு வேலை முடிவதில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களில், 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. செபமாலையோடு மனுவும் கைகளில் இருந்ததனாலேயே அது நடந்தது. அத்தகைய மனுவை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை. ஆகவே சட்டத்தரணி ஒருவரின் தொலைபேசி இலக்கம் சபைச் செயலாளரிடம் எப்போதும் இருக்கட்டும்.

முடிவுகள் வெளியான முதல் ஞாயிறன்று, வென்றவருக்காகப் பெயர் சொல்லிச் செபிக்கும் பொறுப்பை, அவருக்கு வாக்களிக்காத ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள்.