கதையில் நம்ம ஊர்ப் பேச்சை எழுதுவது எப்படி

என் அம்மா வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் நாற்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். நான் எழுதிய முதல் கதையை அவளுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். கதையில் வருகிறவளும் பீடி சுற்றுகிற பெண்தான். “என் கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை, அக்கா” என்று அவள் சொல்கிற இடம் வந்ததும் அம்மா நிமிர்ந்தாள். “யாரு இவ, நியூஸ் வாசிக்கிறவளா?” என்று கேட்டாள். உரையாடல் எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொன்று. கதை சொல்கிற குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும் என்பதில் இன்று பெரும்பாலும் யாருக்கும் சண்டை இல்லை. எவ்வளவு பேச்சு என்பதில்தான் தடுமாற்றம்.

நானும் மறு எல்லைக்குப் போனேன். காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதினேன். “கொயந்த வாயப்பயம் துன்னுக்கினு கீது.” எங்கள் தெருவில் இப்படித்தான் பேசுகிறார்கள், ஒரு ஒலிகூடப் பொய் இல்லை. ஆனால் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இதைப் படித்தால் எழுத்துக்கூட்டியே களைத்துப்போவார், குழந்தை அவர் கண்ணில் தெரியாது. இப்போது அதே வரியை “கொழந்த வாழப்பழம் துன்னுகினு கீது” என்று எழுதுகிறேன். ‘கினு’, ‘கீது’ இரண்டும் போதும். வினை நம் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் அதன் ஒலிதான் காதில் தங்குகிறது. அதை மட்டும் ஊர்ப் பேச்சாக வைத்தால் மீதியைப் படிக்கிறவரே அந்த ராகத்தில் படித்துக்கொள்வார்.

‘ழ’வை ‘ய’ ஆக்கி எழுதுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கதையில் வாத்தியாரும் டாக்டரும் சுத்தமாகப் பேசி, கூலிக்காரி மட்டும் ‘வாயப்பயம்’ என்றால், எழுதுகிறவர் அவளைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும். வேலூரில் படித்து வேலையில் இருப்பவர்களும் வீட்டுக்குள் ‘ய’ சொல்கிறவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே நியாயம் வையுங்கள்.

ஒரு நோட்டில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் ‘வந்துகினு’ என்பாரா, ‘வந்துக்கிட்டு’ என்பாரா, ‘இன்னா’வா, ‘என்ன’வா, அப்பாவை ‘நைனா’ என்பாரா, ‘வீட்டுக்கிட்ட’ என்பாரா, ‘வூட்டாண்ட’ என்பாரா. முடிவு செய்து எழுதிவிட்டால் கடைசிப் பக்கம் வரை மாற்றக் கூடாது. எழுதுகிற விதம் பாதியில் மாறினால் ஆளே மாறிவிட்ட மாதிரி தோன்றும்.

ஊர் எது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே குறியுங்கள். ‘வட ஆற்காட்டுப் பேச்சு’ என்று ஒரே பேச்சு கிடையாது. பழைய மாவட்டம் 1989இல் இரண்டானது, மிச்சமிருந்த வேலூர் 2019இல் மூன்றானது. பேச்சு இந்தக் கோடுகளைப் பார்த்து நடப்பதில்லை. அரக்கோணம் பக்கம் மெட்ராஸ் வாடை அடிக்கும். பேரணாம்பட்டில் வாக்கியத்துக்கு நடுவே தெலுங்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது கலந்திருக்கும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டுக் கடைகளில் நம்ம ஊர்ப் பையன்கள் கொல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிகளோடு இந்தியும் வங்காளமும் பேசி வியாபாரம் செய்கிறார்கள். மொழி போதாமல் விரலைக் காட்டி விலை சொல்கிற அந்த இடமும் உரையாடல்தான்.

இதெல்லாம் சொல் விஷயம். இதைவிட முக்கியமானதை எங்கள் திண்ணையில் கற்றுக்கொண்டேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாலு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊறவைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டு, சுற்றி, நூல் கட்டி, முனையை மடிப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் கை நிற்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராது. முக்கியமான சேதியை யாரும் வாயால் சொல்லவே மாட்டார்கள்.

கடன் கேட்கிற காட்சி ஒன்றை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: “பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், கையில பணம் இல்ல. நீதான் உதவி பண்ணணும்.” “என்கிட்டயும் இல்லையே, என்னை மன்னிச்சிடு.” எல்லாம் சொல்லியாகிவிட்டது, படிக்கிறவருக்கு வேலையே இல்லை. திருத்தி எழுதியது இது:

“இன்னாமே, இலை இப்டி காஞ்சி கீது?”

“நேத்து ராத்திரியே நனைச்சி வெச்சேன்க்கா.”

“பெரியவனுக்கு எப்போ காலேஜி?”

“திங்கக்கெழம.”

அக்கா நூலை வெடுக்கென்று இழுத்து அறுத்தாள்.

“எங்கூட்டு சீட்டு போன மாசமே எடுத்துட்டோம்.”

கடன் என்ற சொல்லே இதில் இல்லை. கேட்க வந்தவள் கேட்கும் முன்பே ‘இல்லை’ வந்துவிட்டது. சீட்டு எடுத்தாயிற்று என்றால் என்ன அர்த்தம் என்று நம் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் செய்து பாருங்கள்: காட்சியின் முக்கியமான சொல் எது என்று கண்டுபிடித்து அதை அடித்துவிடுங்கள். அது இல்லாமலே விஷயம் புரியும்வரை திரும்பத் திரும்ப எழுதுங்கள். எனக்கு அந்த ஆறு வரிக்கு ஒரு வாரம் ஆனது.

‘நீ’, ‘நீங்க’ இரண்டையும் கவனமாகக் கையாளுங்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் குடியாத்தம் வந்து சேரும். ஒரு வருஷம், சொத்துத் தகராறுக்கு அப்புறம் முதல்முறையாக வந்த என் சித்தியை வாசலில் பார்த்த அம்மா, “வாங்க” என்றாள். கூடப் பிறந்த தங்கையை, இடுப்பில் தூக்கி வளர்த்தவளை. சித்தி செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இரண்டு பக்கம் சண்டை எழுதினாலும் அந்த ஒரு ‘ங்க’ செய்ததைச் செய்யாது.

‘என்றாள்’ அடிக்கடி வேண்டாம். யார் பேசுகிறார்கள் என்று குழம்புகிற இடத்தில் மட்டும் போடுங்கள், அல்லது கை செய்கிற வேலையை ஒரு வரி எழுதுங்கள். ஒரு பத்திரிகையில் என் கதையின் எல்லாக் ‘கீது’வையும் ‘இருக்கு’ ஆக்கி அச்சடித்துவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதெல்லாம் கதையோடு ஒரு தாள் வைக்கிறேன்: இந்தச் சொற்கள் தெரிந்தே எழுதப்பட்டவை, மாற்ற வேண்டுமென்றால் தயவுசெய்து கேளுங்கள் என்று.

எழுதி முடித்ததும் வாய்விட்டு வாசியுங்கள், அந்தப் பேச்சைப் பேசுகிற ஒருவர் முன்னால் உட்கார்ந்து. ‘எப்படி இருக்கு’ என்று கேட்காதீர்கள், ‘நல்லாருக்கு’ என்றுதான் சொல்வார்கள். நான் இன்னும் அம்மாவுக்குத்தான் வாசிக்கிறேன். அவள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள். அவள் கை நிற்கிற வரியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே வாசிப்பேன்.