முதல் பசுமைக்குடில் வாங்குகிறீர்களா? கூரைச் சன்னலை முதலில் பாருங்கள்

என்னுடைய முதல் பசுமைக்குடிலில் ஒரே நாளில் 48 தக்காளி நாற்றுகள் போயின. பனியோ பூச்சியோ காரணமில்லை. காலையில் குளிராக இருக்கிறதே என்று கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நடுவில் மேகம் விலகி வெயில் அடித்திருக்கிறது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது, கொதிக்கிற பானையின் மூடியை எடுத்தது போல முகத்தில் அனல் அடித்தது. வெப்பமானியில் அன்றைய உச்சம் 47 டிகிரி. நாற்றுகள் வெந்த கீரை மாதிரி குழித்தட்டின் ஓரத்தில் சரிந்து கிடந்தன. கூரையில் இருந்தது ஒரே ஒரு சன்னல், அதுவும் கையால் திறக்க வேண்டியது.

அதற்குப் பிறகு இரண்டு குடில்கள் கட்டிவிட்டேன். யார் வந்து கேட்டாலும் கண்ணாடியைப் பற்றியோ அளவைப் பற்றியோ பேசுவதற்கு முன்னால் காற்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.

குடில் ஏன் சூடாகிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரியும். கண்ணாடி வெப்பக் கதிர்களை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்குப் பாறை உப்புத் தகடு. உப்புத் தகடு வெப்பக் கதிர்களைத் தடுக்காது. அப்படியும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாயின. சூடான காற்று மேலே எழுந்து வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதுதான் முக்கியக் காரணம். வழியைத் திறந்துவிட்டால் சூடு போய்விடும்.

ஆகவே கணக்கு இதுதான்: கூரைச் சன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். 6க்கு 8 அடிக் குடில் என்றால் தரை 48 சதுர அடி. அதற்கு 7 முதல் 10 சதுர அடி வரை சன்னல் வேண்டும். 2க்கு 2 அடிச் சன்னல் ஒன்று 4 சதுர அடிதான், இரண்டாவது இல்லாமல் முடியாது. கூடவே பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு பலகணியும் வைக்கச் சொல்லுங்கள். கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே சூடான காற்று வெளியேறும், புகைபோக்கி மாதிரி தானாக ஓட்டம் பிடிக்கும். விற்பவர் கூடுதல் சன்னலுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம்.

அந்தச் சன்னலில் தானியங்கித் திறப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். மின்சாரம் வேண்டாம். ஒரு சிறிய உலோக உருளைக்குள் மெழுகு இருக்கும். சூடு ஏறினால் மெழுகு உருகிப் பெருத்து ஒரு தண்டை வெளியே தள்ளும், சன்னல் உயரும். குளிர்ந்தால் சுருங்கும், சுருள்வில் இழுத்து மூடிவிடும். நான் முதல் தடவை பொருத்தியபோது ஒரு காலை முழுக்க முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் பட்டுக் கால் மணி நேரம் கழித்து, ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சத்தமே இல்லாமல் விளிம்பு உயர்ந்தது. நான் ஊரில் இல்லாத நாட்களிலும் இது நடக்கும் என்று நினைத்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. பொருத்துவதற்கு முன் உருளையைக் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், தண்டு உள்ளே போய் வேலை சுலபமாகும். சன்னலின் எடையைத் தூக்கக்கூடியதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் 35 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் மூடிய கண்ணாடிக் குடில் உங்களுக்கு வேண்டாம். மேலே மழை புகாத கூரை, பக்கமெல்லாம் பூச்சி வலை, கூரைக்கு மேல் நிழல்வலை, அவ்வளவு போதும். அந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும், செடி மட்டும் பச்சையாக நிற்கும்.

அளவைப் பொறுத்தவரை, இடம் அனுமதிக்கும் மிகப் பெரியதை எடுங்கள். சின்னக் குடில் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். 8 அடி அகலம் இருந்தால் இரு பக்கமும் மேடை போட்டு நடுவில் தாராளமாக நடக்கலாம். 6 அடியில் முழங்கை இடிக்கும். கதவின் அகலத்தை உங்கள் தள்ளுவண்டியோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள்.

கூரைப் பொருளுக்கு மூன்று வழி. கண்ணாடியில் வெளிச்சம் நன்றாக வரும், பல வருஷம் தெளிவு குறையாது. குழந்தைகள் ஓடும் இடமென்றால் உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும் கடினக் கண்ணாடியே வேண்டும். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் என்பது நடுவில் குழல்கள் ஓடும் பிளாஸ்டிக் தகடு. அது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவவிடும், குளிரையும் தாங்கும். 4 மில்லிமீட்டர் தடிமன் மெலிது, முடிந்தால் 6 அல்லது 10 வாங்குங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில வருஷத்தில் மஞ்சளாகி நொறுங்கும். உள்ளே ஓடும் குழல்கள் மேலிருந்து கீழாக இருக்கட்டும். மேல் முனையை அலுமினிய நாடாவால் அடையுங்கள், கீழ் முனைக்குக் காற்றும் நீரும் கசியும் துளை நாடா ஒட்டுங்கள். என் இரண்டாவது குடிலில் கீழ் முனையையும் இறுக்கி அடைத்துவிட்டேன். நீர் தேங்கிக் குழலுக்குள் பாசி பிடித்தது, கழுவ வழியே இல்லை. மூன்றாவது வழி பாலித்தீன் தாள். மலிவு, ஆனால் புற ஊதாக் கதிர் தாங்கும் 200 மைக்ரான் தாளானாலும் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

எதை வாங்கினாலும் தரையில் நன்றாகப் பிணையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் பாலித்தீன் குடில் ஒரு புயல் இரவில் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்குவதுதான் நம்பிக்கையானது. அடித்தளம் போடும்போது ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்துவிடுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் கடைசிக் கண்ணாடி உட்காராது. பலத்த காற்று வரும் என்று தெரிந்தால் கதவு, சன்னல் எல்லாவற்றையும் மூடுங்கள். காற்று உள்ளே புகுந்தால் கூரையைத் தூக்கிவிடும்.

இடம்? நாள் முழுக்க வெயில் படும் இடம், மரக்கிளைக்குக் கீழே கூடாது, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். தண்ணீர்க் குழாய் தூரமாக இருந்தால் முதல் மாதம் ஆசையோடு சுமப்பீர்கள், மூன்றாவது மாதம் செடி வாடும்.

உள்ளே முதலில் வாங்க வேண்டியது உச்சமும் தாழ்வும் காட்டும் வெப்பமானி. வெயில் நேராகப் படாமல் செடி உயரத்தில் மாட்டுங்கள். அடுத்து நிழல்வலை. காய்கறிக்கு வெயிலை 35 சதவீதம் மறைக்கும் வலை, இளநாற்றுக்கு 50. வலையைக் கூரைக்கு வெளியே போடுங்கள், உள்ளே கட்டினால் சூடு ஏற்கெனவே நுழைந்துவிட்டிருக்கும். தரையில் களைத்தடுப்பு விரிப்பு, அதன்மேல் சரளை. உச்சி வெயிலில் சரளை மேல் தண்ணீர் தெளித்தால் குடில் குளிரும், வறட்சியை விரும்பும் சிவப்புச் சிலந்திப்பேனும் குறையும். மேடை இடுப்பு உயரத்தில், இடைவெளி விட்ட பலகைகளால் இருக்கட்டும். கூரை விளிம்பில் மழைநீரைப் பிடித்து ஒரு டிரம்மில் விடுங்கள். 6க்கு 8 அடிக் குடிலில் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 45 லிட்டர் சேரும். டிரம்முக்கு மூடி அவசியம். வெள்ளை ஈ வருவதைக் காட்டிக்கொடுக்க மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு போதும்.

ஹீட்டரை முதல் வருஷம் வாங்காதீர்கள். எத்தனை இரவு எவ்வளவு குளிர்கிறது என்று தெரியாமல் எதை வாங்குவது? வாங்கும் நாளில் வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின் ஹீட்டராக, மின்கசிவுத் தடுப்பானோடு வாங்குங்கள்.

குடில் எழுந்ததும் செடியைக் கொண்டுபோய் வைக்கக் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுங்கள். வெறும் குடிலில் வெப்பமானியை மட்டும் மாட்டி, காலை, மதியம், இரவு பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சன்னல் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதையும் குறியுங்கள். வெயில் அடித்த நாளின் உச்சம் 35ஐத் தாண்டினால் வலையைப் போட்டு இன்னும் இரண்டு நாள் பாருங்கள். அதற்குப் பிறகு முதல் நாற்றுத் தட்டை உள்ளே எடுத்துப் போங்கள்.