கிரைண்டருக்குக் கீழே இருந்த ஜாலி

எங்கள் டிபன் கடையில் கை கழுவும் இடத்தைச் சுற்றி 10 நாளாகச் சின்ன ஈக்கள். பினாயில் ஊற்றினேன், நீல விளக்கு மெஷின் மாட்டினேன். பிளீச்சிங் பவுடரும் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். குறையவே இல்லை.

அப்புறம் ராத்திரி கடை மூடும்போது, ஈ எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, கழிவுநீர்க் குழாய் வாயை மூடும் ஓட்டை போட்ட தட்டான ஒவ்வொரு ஜாலியின் மேலும் பசைப்பக்கம் கீழே பார்க்க டேப் ஒட்டினேன், காற்றுப் போக இடம் விட்டு. காலையில் பார்த்தால் மாவு கிரைண்டருக்குக் கீழே இருந்த ஜாலியில் மட்டும் 16 ஈ!

கழற்றிப் பார்த்தேன். ஜாலியின் அடிப்பக்கம் விரல் கனத்துக்குப் புளித்த மாவுக் களிம்பு, அதில் நெளியும் புழுக்கள். மேலே எவ்வளவு கழுவினாலும் அங்கே படாது. பாட்டில் பிரஷ்ஷால் குழாயின் உள்சுவரையும் தேய்த்து வெந்நீர் விட்டேன். ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவை போக ஒரு வாரம் ஆனது. அப்பாடா என்றிருந்தது. இப்போது தினமும் ஜாலியைக் கழற்றித்தான் கழுவுகிறோம்.