காலச்சொல்லைக் கொண்டு செயப்பாட்டு வினை அமைப்பது எப்படி?

ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை (பாசிவ் வாய்ஸ்) எழுதத் தடுமாறுபவர்களில் பலர் வாய்பாட்டை நன்றாகவே மனப்பாடம் செய்திருப்பார்கள். வாக்கியத்தில் நின்று நேரம் காட்டும் 'நவ்', 'யெஸ்டர்டே' போன்ற காலச்சொல்லை மட்டும் கவனிக்கத் தவறிவிடுவார்கள். ஆகவே காலச்சொல்லை முதலில் தேடுங்கள்.

செயப்பாட்டு வினையில் 'ரிட்டன்' (written), 'யூஸ்டு' (used) போன்ற வினையின் மூன்றாம் வடிவம் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை. காலம் காட்டுவது அதற்கு முன்னால் வரும் துணைவினையே. 'எவ்ரி டே' என்றால் 'இஸ் ரிட்டன்', 'நவ்' என்றால் 'இஸ் பீயிங் ரிட்டன்', 'டுமாரோ' என்றால் 'வில் பி ரிட்டன்' என்று எழுதுகிறோம்; 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அகோ' ஆகியவை முடிந்துபோன நேரத்தைக் குறிப்பதால் அவற்றுடன் 'வாஸ் ரிட்டன்' வரும்.

இதுவரை சிக்கல் இல்லை. தமிழில் 'எழுதப்பட்டது' என்ற ஒரே வடிவம் நேற்று என்பதோடும் ஏற்கெனவே என்பதோடும் பொருந்துவதால், 'ஹாஸ் பீன் ரிட்டன் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். அது பிழை. 'ஹாஸ் பீன் ரிட்டன்' என்பது 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்' போன்ற சொற்களுடன் வரலாமே தவிர, முடிந்த நேரத்தைச் சுட்டும் சொல்லுடன் சேராது.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது 'சின்ஸ்'. 'இந்தப் பாலம் 2015 முதல் பயன்படுத்தப்படுகிறது' என்பதில் தமிழ் வினை நிகழ்காலத்தில் இருப்பதால் 'இஸ் யூஸ்டு' என எழுதத் தோன்றும். ஆனால் அன்று தொடங்கி இன்றும் நீடிக்கும் செயலுக்கு ஆங்கிலம் 'ஹாஸ் பீன் யூஸ்டு சின்ஸ் 2015' என்ற வடிவத்தையே கேட்கிறது. 'சின்ஸ்' தொடங்கிய நேரத்தையும் 'ஃபார்' நீடித்த கால அளவையும் சொல்லும். 'ஃபார்' வந்துவிட்டது என்பதற்காக மட்டும் 'ஹாஸ் பீன்' போடக் கூடாது: 'வாஸ் யூஸ்டு ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்தாண்டுப் பயன்பாடு முடிந்துவிட்டது என்று பொருள், 'ஹாஸ் பீன் யூஸ்டு ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பாலம் பெரும்பாலும் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

'பை' என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு வேலைகள். 'பை த மேனேஜர்' செய்தவரையும் 'பை மண்டே' கெடுவையும் குறிக்கும்; இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரலாம். செய்தவர் யார் என்பது முக்கியமில்லையென்றால் அவரை விட்டுவிடுவதே நல்ல நடை.

செயப்படுபொருள் ஏற்காத வினைகளுக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது என்பதால், விபத்து நேற்று நடந்ததைச் சொல்ல 'வாஸ் ஹேப்பன்டு' என்று எழுதாமல், 'தி ஆக்சிடென்ட் ஹேப்பன்டு யெஸ்டர்டே' என்றே எழுத வேண்டும்.