அந்த ஊர்க் கடிகாரத்துக்கு மாறுங்கள்: வெளிநாட்டில் சொந்தமாகச் சுற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

மாட்ரிட்டில் மாலை ஆறரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்து மேசைகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் பயணிகளாகத்தான் இருப்பார்கள். மெனு நாலைந்து மொழிகளில் படம் போட்டு இருக்கும். "எல்லாமே டூரிஸ்டுக்காக ஆகிவிட்டது, உண்மையான ஸ்பெயினைப் பார்க்கவே முடியவில்லை" என்று திரும்பி வந்து சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தேடிய ஸ்பெயின் அதே தெருவில்தான் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு வந்திருந்தால் தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கலாம். வார நாளில் மதியம் இரண்டரைக்குப் போயிருந்தால் 'மெனு தெல் தியா' கிடைத்திருக்கும். முதலில் ஒரு உணவு, அடுத்து இன்னொன்று, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. பக்கத்தில் வேலை செய்பவர்கள் தினமும் சாப்பிடும் சாப்பாடு அது.

உள்ளூர்ப் பண்பாட்டை அனுபவிக்க வேண்டும் என்று கிளம்புபவர்கள் அதை எங்கோ ஒளிந்திருக்கும் இடமாக நினைத்துத் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் நேரம் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு ஊர் மக்கள் தங்களுக்காக, தங்கள் கணக்கில், தங்கள் வேகத்தில் செய்துகொள்ளும் காரியங்கள்தான் பண்பாடு. நம்முடைய கணக்கை மாற்றிக்கொள்ளாமல் போனால் அதில் எதுவும் கண்ணில் படாது.

பத்து நாளில் ஆறு நகரம்

பேக்கேஜ் டூரை விட்டுச் சொந்தமாகப் போவதில் கிடைக்கும் பெரிய லாபமே நேரம் நம் கையில் இருப்பதுதான். ஆனால் நிறையப் பேர் திட்டம் போட உட்கார்ந்ததும் டூர் கம்பெனியைவிட இறுக்கமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு ஊரில் ஒன்றரை நாள், அடுத்த ஊரில் ஒரு இரவு. ஒன்றரை நாளில் கட்டடங்களைப் பார்க்கலாம், மனிதர்களோடு பழக முடியாது. ஒரே டீக்கடைக்கு மூன்றாவது நாளும் போகும்போதுதான் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவார். அதனால் குறைந்தது நான்கு இரவு ஒரே ஊரில் தங்குங்கள். பாதி நகரங்களை வெட்டிவிட வேண்டியிருக்கும், வெட்டுங்கள்.

எத்தியோப்பியாவில் எனக்கு இது நன்றாக உறைத்தது. அங்கே நாள் விடியற்காலையில் தொடங்குகிறது. நாம் காலை ஏழு என்பதை அவர்கள் ஒரு மணி என்பார்கள். 'பன்னிரண்டு மணிக்குப் பஸ்' என்று யாராவது சொன்னால் அது காலை ஆறாகவும் இருக்கலாம், உள்ளூர்க் கணக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாட்காட்டியில் பதிமூன்று மாதங்கள், ஆண்டுக் கணக்கும் ஏழெட்டு ஆண்டு பின்னால் இருக்கும்.

காபிக்கு அழைத்தால் பச்சைக் கொட்டையைக் கண் முன்னால் வறுத்து, இடித்து, 'ஜெபெனா' என்ற மண் குடுவையில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுவார்கள். அபோல், தோனா, பரக்கா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர் உண்டு. பரக்கா என்றால் ஆசி. மொத்தமும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை அடுத்த ஊருக்குப் போகும் அவசரத்தில் இரண்டாவது கோப்பையோடு எழுந்துவிட்டேன். காபி ஊற்றிய அம்மாவின் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆசியை வாங்காமல் போகிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நாட்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது

விலை குறைவாக இருக்கிறது என்று டிக்கெட் போட்டுவிட்டு, போய் இறங்கியபின் எல்லாம் பூட்டிக் கிடக்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. வியட்நாமில் தெத் புத்தாண்டு சமயத்தில் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய நாட்களில் ரயிலில் இடம் கிடைக்காது, அந்த நாட்களில் பல கடைகள் திறக்காது. மொராக்கோவுக்கு ரமலான் மாதத்தில் போனால் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், ஆனால் நோன்பு திறந்தபின் தெருக்களில் நள்ளிரவு தாண்டியும் ஆள் நடமாட்டம் இருக்கும். பகலைத் தூங்கிக் கழித்துவிட்டு இரவை வாழத் தயாராக இருப்பவருக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை.

பாலியின் நியெபி நாள்தான் இதற்குச் சரியான உதாரணம். சாகா நாட்காட்டிப் புத்தாண்டான அது பெரும்பாலும் மார்ச்சில் வரும். காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை தீவு முழுக்க மௌனம். வேலை இல்லை, பயணம் இல்லை, வெளியே தெரியும்படி விளக்கு இல்லை. விமான நிலையமே 24 மணி நேரம் மூடிவிடும். பயணிகளுக்கும் விலக்கு கிடையாது, தங்குமிடத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. 'பெச்சாலாங்' என்ற ஊர்க்காவலர்கள் தெருக்களில் சுற்றி வருவார்கள். "ஒரு நாள் வீணாகிவிடும்" என்று இதைத் தவிர்க்கச் சொல்பவர்கள் அதிகம். நான் நேர்மாறாகச் சொல்வேன். முந்தைய மாலை 'ஓகோ-ஓகோ' என்ற பூத உருவங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பறையும் கூச்சலுமாக ஊர்வலம் போகும். மறுநாள் அதே தெருவில் நாய் குரைப்பது மட்டும் கேட்கும். இரவில் ஒரு விளக்கும் இல்லாத வானம். பாலி மக்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்பதை அந்த இரண்டு நாட்கள் சொல்வதுபோல் எந்தச் சுற்றுலாவும் சொல்லாது.

வழிபாட்டை நிகழ்ச்சியாகப் பார்ப்பது

இந்தத் தவறைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு போகிறவர்களும் செய்வது இது.

லாவோஸின் லுவாங் பிரபாங் நகரம் 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே தினமும் விடியலில் காவி உடுத்த பிக்குகள் வரிசையாக நடந்து வருவார்கள். வீட்டு வாசலில் மண்டியிட்டிருக்கும் மக்கள் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கைப்பிடிச் சோறு இடுவார்கள். 'தக் பாத்' என்று பெயர். ஒருவரும் பேசுவதில்லை. கொடுப்பவர்களுக்கு அது புண்ணியம் சேர்க்கும் தினசரிக் கடமை. பயணிகள் கூட்டம் சேர்ந்தபின் முக்கியச் சாலையில் அது என்ன ஆனது என்று பாருங்கள். பிக்குவின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கிறது. குறுக்கே ஓடிப் படம் எடுக்கிறார்கள். நம்பிக்கையோ புரிதலோ இல்லாமல், படத்துக்காக மட்டும் சோறு இட உட்காருகிறார்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில், தோளும் முழங்காலும் மூடிய உடையில், பேசாமல் நில்லுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள். சோறு இடுவது உங்களுக்கு மனதளவில் பொருளுள்ளதாக இருந்தால் மட்டும் இடுங்கள். அப்படியானால் தங்கியிருக்கும் வீட்டில் முந்தைய நாளே சொல்லி, எப்படி உட்காருவது, எப்படி இடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியச் சாலையைவிட்டுச் சந்துகளுக்குள் போனால், அந்த வீட்டுக்காரர்களும் பிக்குகளும் மட்டுமே இருக்கும் தக் பாத்தைப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எல்லை மீறினால் ஊர் கதவைச் சாத்திவிடும் என்பதற்குக் கியோட்டோவின் கியோன் பகுதி உதாரணம். மாலையில் வேலைக்குப் போகும் மைக்கோ பெண்களை, அதாவது கெய்ஷா கலை பயிலும் இளம்பெண்களைத், துரத்திப் படம் எடுப்பது அளவுக்கு மீறிப் போனதால், 2024-இல் அங்குள்ள தனியார் சந்துகளில் பயணிகள் நுழையத் தடை வந்தது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையின் மேல் ஏற வேண்டாம் என்று அதன் உரிமையாளர்களான அனங்கு மக்கள் பல ஆண்டுகளாகப் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்கு நிரந்தரத் தடை. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் கடைசி நாட்களில் ஏறுவதற்கு நீண்ட வரிசை நின்றது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பாறையைச் சுற்றி நடக்கப் பத்துக் கிலோமீட்டர் பாதை ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்று அங்கங்கே எழுதியிருப்பார்கள். அதைப் படித்துக்கொண்டே நடப்பவர் உலுருவைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டு திரும்புவார்.

'அசல்' எது என்று தரம் பிரிப்பது

கொஞ்சம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வரும் தவறு இது. பழையது எல்லாம் அசல், புதியது எல்லாம் போலி என்று நினைப்பது. பாலியின் கெச்சக் நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் 'சக் சக்' என்று குரலாலேயே தாளம் போட, நடுவில் ராமாயணக் கதை நடக்கும். பார்த்தால் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று தோன்றும். இன்றைய வடிவத்துக்கு அது வந்தது 1930-களில்தான். வயான் லிம்பக் என்ற பாலி நடனக் கலைஞரும் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் சேர்ந்து, பழைய 'சங்யாங்' சடங்கின் கூட்டுக்குரலிலிருந்து அதை உருவாக்கினார்கள், பயணிகளையும் மனதில் வைத்து. இன்று கெச்சக் பாலிக்காரர்களுடையது இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெக்சிகோ நகரத்தில் இறந்தோர் நாளை ஒட்டி நடக்கும் பிரம்மாண்ட ஊர்வலம் 2016-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு காட்சி வந்ததைப் பார்த்து ஆரம்பித்தார்கள். ஆனால் இப்போது நகரத்துக் குடும்பங்களே முகத்தில் மண்டையோட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார்கள். ஊர்வலத்தையும் பாருங்கள். அப்புறம் நவம்பர் 1 இரவில் வஹாகாவிலோ பாட்ஸ்குவாரோ ஏரிக்கரைக் கிராமங்களிலோ கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் வைத்து, இறந்தவருக்குப் பிடித்த உணவோடு குடும்பம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். அங்கே மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொரு வகை 'அசல்' தேடலை முழுக்கத் தவிர்க்க வேண்டும். கம்போடியாவில் பயணிகள் அனாதை இல்லங்களைப் பார்க்கப் போவது வழக்கமானபோது இல்லங்களும் பெருகின. அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். பார்வையாளர் வருகிறார் என்பதற்காகவே குழந்தை வீட்டைவிட்டுப் பிரிக்கப்படுகிறது. எவ்வளவு இரக்கத்தோடு போனாலும் இது கெடுதல்தான்.

ஒரு வார்த்தை, ஒரு விதி

மொழி தெரியாது என்பது பெரிய தடை இல்லை. முதல் வார்த்தையைக்கூடக் கற்றுக்கொள்ளாமல் போவதுதான் தடை. பாரிஸில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் அது மரியாதைக் குறைவு. பாரிஸ்காரர்கள் கடுகடுப்பானவர்கள் என்ற பேச்சில் பாதி இதனால் வந்தது என்றே நினைக்கிறேன். ஜப்பானின் 'செந்தோ' பொதுக் குளியலறையில் உட்கார்ந்து உடம்பை நன்றாகக் கழுவியபின்தான் தொட்டியில் இறங்க வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது. ஈரானில் டாக்சிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் 'காபெலி நதாரே', உங்களிடம் வாங்கும் அளவுக்கு ஒன்றுமில்லை, என்பார். அது 'தாரோஃப்' என்ற உபசார மொழி. நன்றி சொல்லி இறங்கிவிட்டால் அவர் பாவம். இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லும் அழைப்பும் தாரோஃபாக இருக்கலாம், மறுத்தும் விடாமல் அழைத்தால் போகலாம்.

அழைப்புகளில் எதை நம்புவது

தனியாகச் சுற்றுபவர் எல்லா அழைப்பையும் சந்தேகித்தால் ஒரு வீட்டுக்குள்ளும் போக மாட்டார், எல்லாவற்றையும் நம்பினால் பணம் போய்விடும். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் சுற்றுலா இடங்களில், ஆங்கிலம் பழக வேண்டும் என்று இளைஞர்கள் பேச்சுக் கொடுத்து, தேநீர்ச் சடங்கு பார்க்கலாம் என்று ஒரு கடைக்கு அழைத்துப் போவார்கள். முடிவில் பில் தலையைச் சுற்றவைக்கும். நான் பார்ப்பது இரண்டுதான்: பேச்சை முதலில் தொடங்கியது யார், போகும் இடத்தை முடிவு செய்தது யார். இரண்டும் அவராகவே இருந்து, அந்த இடம் கடையாகவும் இருந்தால் நான் போக மாட்டேன். அதுவே நாலு நாளாக நான் ரொட்டி வாங்கும் கடைக்காரர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் போவேன்.

ஜார்ஜியா நாட்டில் அப்படி ஒரு அழைப்பு வந்தால் அது 'சுப்ரா' விருந்தாக இருக்கும். பூ வாங்கிப் போவதானால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்குங்கள், இரட்டைப்படை சாவுக்கு வைப்பது. மேசையின் தலைவருக்குத் 'தமாதா' என்று பெயர். அவர் வாழ்த்துச் சொன்னபின்தான் ஒயினைக் குடிக்க வேண்டும். இறந்தவர்களுக்கு, பிறக்கப்போகிறவர்களுக்கு, விருந்தாளிக்கு என்று வாழ்த்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நடுநடுவே பாட்டு வரும், உங்களையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். குடிக்காதவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் சரி. ஐந்து மணி நேரம்கூடப் போகும். அன்றிரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டு வைக்காதீர்கள்.